பாலைவனச் சாலையில் பெட்ரோல்: அடுத்த பங்கோடு கணக்கை முடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விடுமுறைப் பயண இணைப்பில், ராஜஸ்தானில் ஜெய்சல்மேரிலிருந்து பாகிஸ்தான் எல்லையருகே உள்ள தனோட் வரை காரிலும் பைக்கிலும் போய்வருவது பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. கோட்டைக்கும் மணல்மேட்டுக்கும் அங்கத்து உணவான தால் பாட்டி சூர்மாவுக்கும் தாராளமாக இடம் கொடுத்திருந்தீர்கள். எரிபொருளுக்குக் கிடைத்தது ஒரே வரி: வழியெங்கும் பங்குகள் உண்டு, கவலை வேண்டாம் என்று. அந்த வரியைப் பற்றித்தான் இக்கடிதம்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வட்டாரத்தில் டிசம்பர் லீவுக்கு ராஜஸ்தான் கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். பட்டறைக்கு வந்து ஆயில் மாற்றுகிறார்கள், செயின் இறுக்குகிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள். எந்த ஊரில் எத்தனை லிட்டர் போடப் போகிறீர்கள் என்று கேட்டால், "கூகுள்ல பாத்துக்கலாங்ணா" என்று பதில் வருகிறது. வடக்கே லோடு ஏற்றிப் போய் மார்பிளோடு திரும்புகிற ஓட்டுநர்களும், இங்கே வண்டிகளைப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக்குகளும் கூடிப் பேசி, இந்த விஷயத்தில் தெரிந்ததை எழுதி அனுப்புகிறோம். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் வெட்டாமல் வெளியிட வேண்டுகிறோம்.

கேரள–தமிழக எல்லையில் குடியிருக்கிற நமக்குப் பெட்ரோல் என்றால் முதலில் விலைதான் கண்ணில் படும். கேரளாவில் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல் என்பதால் வாளையாருக்கும் கோபாலபுரத்துக்கும் கிழக்கே டேங்கை நிரப்பிக்கொண்டு உள்ளே வருவது இங்கே எல்லோருக்கும் கைவந்த பழக்கம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பங்க் இருக்கிற ஊரில் அது சரியான பழக்கமும்கூட. ராஜஸ்தானுக்குள் நுழையும்போதும் ஒருமுறை அது பலன் தரும். அங்கே வாட் வரி அதிகம். 2021 பிப்ரவரியில் சாதாரணப் பெட்ரோல் நாட்டிலேயே முதலில் 100 ரூபாயைத் தாண்டியது அந்த மாநிலத்தின் ஸ்ரீகங்காநகரில்தான். ஆகவே அகமதாபாத், டீசா, தனேரா வழியாகச் சாஞ்சோர் போகிறவர்கள் குஜராத் மண்ணிலேயே முழு டேங்க் போட்டுவிடுவது லாபம். அத்தோடு விலைக் கணக்கை மூட்டை கட்டிவிட வேண்டும். பார்மேருக்கு மேற்கே மூன்று ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு பங்கைத் தாண்டிப் போவது ஆபத்தான சிக்கனம்.

சிலர் இன்னொன்றும் சொல்கிறார்கள்: பார்மேரில்தான் எண்ணெய்க் கிணறே இருக்கிறதே, அங்கே போய் பெட்ரோலுக்குப் பஞ்சமா என்று. மங்களா எண்ணெய் வயலில் 2009 முதல் கச்சா எண்ணெய் எடுப்பது உண்மை. மெழுகு மாதிரி உறைகிற அந்த எண்ணெய், சூடேற்றிய குழாய் வழியாகக் குஜராத்துக்குப் போகிறது. கிராமத்துப் பங்கின் தொட்டிக்கு டேங்கர் லாரி வந்தால்தான் சரக்கு. லாரி ஒரு நாள் தாமதித்தால் அந்த ஒரு நாள் பங்க் காலி.

இனி கணக்குக்கு வருகிறோம். முதலில் தெரிய வேண்டியது உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ். கம்பெனி விளம்பரத்தில் போட்டிருப்பதும், டாஷ்போர்டில் இன்னும் இத்தனை கி.மீ. ஓடும் என்று காட்டுவதும் இதற்கு உதவாது. டாஷ்போர்டு எண் இதுவரை ஓடிய ஓட்டத்தின் சராசரியை வைத்துப் போடப்படுவது. நல்ல சாலையில் 150 என்று காட்டிக்கொண்டிருந்தது, மணலில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே பாதிக்கும் கீழே விழும். பங்கில் நாசில் தானாகக் கட் ஆகும் வரை நிரப்புங்கள். ஊருக்குப் போகிற அதே ஆள், அதே சாமான், அதே ஏசியோடு 300 கி.மீ. ஓட்டுங்கள். மறுபடி கட் ஆகும் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். இரண்டு முறையும் ஒரே பங்கு, முடிந்தால் ஒரே நாசில் என்றால் இன்னும் நம்பகமாக இருக்கும்.

அந்த எண்ணிலும் கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் பாலைவனத்துக்குக் கணக்குப் போட வேண்டும். காரணம் பெரும்பாலும் காற்று. ஆடி மாதத்தில் வாளையாரிலிருந்து பாலக்காட்டுக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கஞ்சிக்கோடு காற்றாலைகள் சுற்றுகிற சுற்றில், காலி வண்டியும் லோடு வண்டி போல முனகும். திரும்பி வரும்போது அதே வண்டி மிதக்கும். தார்ப் பாலைவனத்தில் வெயில் காலம் முழுக்க மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் பலமான காற்று. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு 280 கி.மீ.; அந்தக் காலத்தில் போனால் அவ்வளவு தூரமும் எதிர்காற்றுதான். கூரையில் கேரியரும் அதன்மேல் தார்ப்பாய் கட்டிய மூட்டையும் இருந்தால் இழப்பு இன்னும் கூடும். வேகமும் அப்படியே: வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும். சாலை நேராகவும் காலியாகவும் இருப்பதால் கால் தானாக அழுத்தும். 110-ல் போகிற காரை 80-க்கு இறக்கினாலே, பங்க் எட்டுமா எட்டாதா என்ற கவலை பல நேரம் தீர்ந்துவிடும்.

எத்தனாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலவையின் ஆற்றல் சுத்தமான பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் குறைந்துதான் இருக்கும். பழைய மைலேஜை மனதில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஏசி போட்டபடி நின்றுகொண்டிருக்கும் கார் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். மணல்மேட்டில் சூரியன் மறைகிற வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மணலில் இறங்கி ஓட்டுகிறவர்கள், சாலையில் லிட்டருக்குப் பத்து கி.மீ. கொடுக்கிற வண்டி மணலில் ஐந்துதான் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதாவது 30 கி.மீ. மணல், 60 கி.மீ. சாலைக்குச் சமம். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் வண்டி புதையாது, எண்ணெயும் மிச்சமாகும். ஆனால் சாலையில் ஏறியவுடன் மறுபடி ஏற்ற கையோடு கம்ப்ரசர் இருக்க வேண்டும். இறக்கிய காற்றோடு தார் ரோட்டில் ஓடினால் மைலேஜும் போகும், டயரும் சூடாகி வெடிக்கும்.

இதுவரை சொன்னது எண்களைச் சேர்ப்பதற்கு. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் வாசகர்கள் நினைவில் வைப்பார்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: எந்தப் பங்கிலிருந்து கிளம்பினாலும், அடுத்த பங்க் மூடியிருந்தாலும் அதற்கடுத்த பங்குக்குப் போய்ச் சேர்கிற அளவு டேங்கில் இருக்க வேண்டும். அடுத்து வேறு பங்கே இல்லாத சாலை என்றால், திரும்பி வந்து சேர்கிற அளவு இருக்க வேண்டும்.

தனோட் சாலையையே எடுத்துக்கொள்வோம். ஜெய்சல்மேரிலிருந்து ராம்கட் சுமார் 65 கி.மீ. அங்கிருந்து தனோட் 57. தனோட்டிலிருந்து லோங்கேவாலா 40. லோங்கேவாலாவிலிருந்து ராம்கட் 45. மறுபடி ஜெய்சல்மேர் 65. மொத்தச் சுற்று 270 கி.மீ.க்குச் சற்று மேல். ஜெய்சல்மேரை விட்டால் ராம்கட் பங்க்தான் நம்பக்கூடியது. அதைத் தாண்டினால் பங்கை எதிர்பார்க்காமல் போவதே முறை.

350 சிசி கிளாசிக் புல்லட்டின் டேங்க் 13 லிட்டர். ஊரில் 35 கொடுக்கிற வண்டி, பின்னால் ஆளும் இருபக்கம் பையும் எதிர்காற்றுமாக 27 கொடுக்கும் என்று வைப்போம். கடைசி 2 லிட்டரைத் தொடக்கூடாது என்று ஒதுக்கினால், 11 லிட்டருக்கு 297 கி.மீ. சுற்று 270 தானே, தாராளம் என்று தோன்றும். இப்போது ராம்கட் பங்கில் சரக்கு இல்லை என்று வையுங்கள். அங்கே போய்ச் சேரும்போது 2.4 லிட்டர் தீர்ந்திருக்கும். மீதியில் 2 லிட்டரை ஒதுக்கினால் 8.6 லிட்டர், அதாவது 232 கி.மீ. தனோட், லோங்கேவாலா சுற்றி ராம்கட் வந்து ஜெய்சல்மேர் சேர 207 கி.மீ. கையில் மிஞ்சுவது 25 கி.மீ.; ஒரு லிட்டர்கூட இல்லை. வழி தவறினாலோ, காற்று பலத்தாலோ, ஒதுக்கி வைத்த 2 லிட்டரில் கை வைக்க வேண்டியதுதான். ஐந்து லிட்டர் கேன் ஒன்று கூட இருந்தால் 135 கி.மீ. சேரும், அதன் பிறகு ராம்கட் பங்க் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன. கேன் இல்லையென்றால் ராம்கட்டில் சரக்கு இல்லாத நாளில் லோங்கேவாலாவை விட்டுவிட்டு வருவதுதான் சரி. இந்த முடிவை அங்கே வெயிலில் நின்று எடுக்கக்கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே காகிதத்தில் இருக்க வேண்டும்.

37 லிட்டர் டேங்க் உள்ள சின்ன காருக்கு இதே சுற்று பெரிய விஷயம் இல்லை. 4 லிட்டரை ஒதுக்கி, 15 கொடுக்கும் என்று வைத்தாலே 495 கி.மீ. ஆனால் குழுவாகப் போனால் கணக்கு எப்போதும் மிகச் சின்ன டேங்க் உள்ள வண்டிக்குத்தான். ஐந்து புல்லட்டுக்கு நடுவே பத்து லிட்டர் டேங்க் பைக் ஒன்று இருந்தால், அதுதான் நிற்கிற இடத்தை முடிவு செய்யும்.

இமயத்தின் குளிர்ப் பாலைவனத்துக்கும் இதே விதிதான். மணாலி–லே சாலையில் டாண்டி பங்கில் அடுத்த பங்க் 365 கி.மீ. என்று எழுதிய பலகை பிரசித்தமானது. பலகை வைத்துச் சொல்கிற சாலையில் ஏமாறுகிறவர்கள் குறைவு. தார்ப் பக்கம் அப்படி எச்சரிக்கிற பலகை எல்லா இடத்திலும் இல்லை.

காகிதத்தில் என்ன எழுத வேண்டும்? ஊர், முந்தைய ஊரிலிருந்து தூரம், பங்கின் கம்பெனி, சாலையின் எந்தப் பக்கம், நேரம், போன் செய்து கேட்ட தேதி. "எந்தப் பக்கம்" என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் தடுப்புள்ள நாலுவழிச் சாலையில் எதிர்ப்பக்கத்துப் பங்க் கண்ணுக்குத் தெரியும், போக முடியாது. திரும்புகிற இடம் பல கி.மீ. தள்ளி இருக்கும். அமிர்தசரஸ்–ஜாம்நகர் மாதிரி வேலி போட்ட விரைவுச் சாலைகளில் இன்னும் கஷ்டம், குறித்த இடத்தில்தான் இறங்கலாம். அந்தச் சாலையில் ஏறுவதற்கு முன்பே டேங்க் நிறைந்திருக்க வேண்டும்.

வரைபடத்தில் பங்க் குறி இருப்பதை மட்டும் பார்க்காமல், அதன் கடைசி விமர்சனமும் கடைசிப் புகைப்படமும் எந்த மாதத்தில் போடப்பட்டவை என்று பாருங்கள். இரண்டு வருடமாக யாரும் எதுவும் எழுதாத பங்கை இல்லாததாகவே கொள்ளலாம். 24 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் கிராமத்துப் பங்குகள் இருட்டியதும் பூட்டிவிடுவது உண்டு. இந்தியன் ஆயில், பாரத், ஹிந்துஸ்தான் மூன்று கம்பெனிகளின் ஆப்பிலும் தத்தம் பங்குகளின் பட்டியல் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும். இந்தியன் ஆயிலின் 'கிசான் சேவா கேந்திரா' என்ற சிறு பங்குகள் உள்கிராமங்களில் பெரிய உதவி, ஆனால் இருப்பு குறைவு. அவற்றை "அதற்கடுத்த பங்க்" என்று எண்ண வேண்டாம். முந்தின நாள் போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள்: சரக்கு இருக்கிறதா, எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள். ஹிந்தி வராதவர்கள் தங்கியிருக்கும் விடுதிக்காரரைக் கேட்கச் சொல்லலாம். வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லைப் பக்கம் சிக்னல் போய்விடும். சிக்னல் போனால் யுபிஐயும் போகும். இரண்டு முழு டேங்குக்கான ரொக்கம் தனியாக இருக்கட்டும்.

கடையில் பாட்டிலில் விற்கிற பெட்ரோலை எந்த நிலைமையிலும் வாங்காதீர்கள். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் இன்ஜெக்டரும் சென்சாரும் கெடும், விற்பதே சட்டவிரோதம்.

கேனைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் உயிர் போகிற தவறுகள் நடக்கின்றன. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். பாத்திரம் இறுக மூடியதாக இருக்க வேண்டும். உலோகப் பாத்திரம் என்றால் ஒன்று 25 லிட்டருக்கு மேற்படக் கூடாது. தண்ணீர் கேனும் எண்ணெய்க் கேனும் இந்த வேலைக்கு ஆகாது. பிளாஸ்டிக்கில் ஊற்றப் பங்க்காரர் மறுத்தால் அவர் செய்வது சரி. சில நேரம் மாவட்ட நிர்வாகம் கேனில் ஊற்றுவதையே நிறுத்திவைக்கும். ஆகவே கேனை நிரப்பும் வேலையைப் பெரிய ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். பிக்கப்பின் தட்டிலோ காரின் டிக்கியிலோ வைத்து ஊற்றினால், அடியில் உள்ள ரப்பர் விரிப்பு மின்னூட்டத்தைத் தரைக்கு இறங்க விடாது. பெட்ரோல் பாயும்போது உண்டாகிற நிலைமின்சாரம் பொறியாகத் தெறிக்க ஒரு கணம் போதும். நாசில் கேனின் வாயைத் தொட்டபடி இருக்க வேண்டும், ஊற்றுவதும் மெதுவாக. 20 லிட்டர் என்று எழுதிய கேனில் 19-க்கு மேல் வேண்டாம். பெட்ரோல் பத்து டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும். பூமிக்கடியில் இருந்து 25 டிகிரியில் வந்த பெட்ரோல் வெயிலில் 60 டிகிரி ஆனால், 20 லிட்டருக்கு 700 மில்லி கூடும். இடம் விடவில்லை என்றால் மூடியின் ரப்பர் வாஷர் வழியே கசியும்.

20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோ, கேன் எடை தனி. பயணிகள் உட்காரும் இடத்தில் வைக்காதீர்கள். வாசனை வருகிறது என்றாலே ஆவி வருகிறது என்று அர்த்தம். கூரையில் வெயில் நேராக விழுகிற இடமும் நல்லதல்ல, வண்டியின் மேல்பாரமும் கூடும். பின்பக்கம் வெளியே இரும்புத் தாங்கியில் நிமிர்த்தி வைத்துப் பட்டையால் கட்டி, மேலே வெள்ளைத் துணி போர்த்துவது நல்ல ஏற்பாடு. பைக்கில் சைலன்ஸர் இல்லாத பக்கம். கேனைத் திறக்கும்போது மூடியைக் கால் திருப்பு திருப்பி, உஸ்ஸென்ற சத்தம் அடங்கிய பிறகு முழுக்கத் திறவுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். காற்றடிக்கும் இடத்தில் டேங்க் வாய் காற்றுக்கு மறைவான பக்கம் வருகிற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்தி, மூடியைச் சுற்றியுள்ள மணலை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய வலை வைத்த புனலில் ஊற்றுங்கள். அந்தப் பொடி மணல் கண்ணுக்கு மாவு போலத்தான் இருக்கும், ஃபில்டரில் சேர்ந்தால் சேறு. கேனில் சுமந்த பெட்ரோலை ஊர் வரை கொண்டு வராதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பயணம் முடிந்த அன்றே டேங்கில் ஊற்றிவிடுங்கள்.

பங்கில் நிரப்பும்போதும் இரண்டு விஷயம். நாசில் கட் ஆன பிறகு ரவுண்டாகட்டும் என்று மேலும் மேலும் ஊற்றச் சொன்னால், அது டேங்கின் ஆவியைப் பிடிக்கிற கரித்தூள் டப்பாவுக்குள் போய் அதைக் கெடுக்கும். பிறகு ஸ்டார்ட்டிங் தகராறு வரும். அடுத்தது, முடிந்தவரை டேங்கைக் கால்வாசிக்குக் கீழே போக விடாதீர்கள். இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது; அதைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான். 2016 மே மாதம் ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானது. அந்த மாதிரி வெயிலில் அரை வறட்சியான டேங்கோடு ஓட்டினால் பம்ப் சூடேறிச் சாகும். கார்புரேட்டர் உள்ள பழைய பைக்குகளில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நிற்கும். நிழலில் நிறுத்தி, குழாயில் ஈரத் துணி சுற்றி, ஆறிய பிறகு உதையுங்கள்.

அளவிலோ தரத்திலோ சந்தேகம் வந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். ஃபில்டர் பேப்பர் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும்: ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் உலர வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் பலவற்றுக்கு டீசலோடு டெஃப் என்கிற யூரியாக் கரைசலும் வேண்டும். அது தீர்ந்தால் சில வண்டிகளில் இழுவை குறையும், சிலவற்றில் அணைத்த பிறகு ஸ்டார்ட்டே ஆகாது. டீசல் நிறைய இருந்தும் நடுவழியில் நிற்கிற கொடுமை இது. பத்து லிட்டர் கூட வைத்திருங்கள், வெயில் படாமல். தண்ணீர் கலந்தோ வாளியைத் திறந்து போட்டு மண் விழ விட்டோ ஊற்றினால் இன்ஜெக்டர் உப்பு பூத்து அடைக்கும். டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள தண்ணீர் வடிகட்டும் திருகை, சந்தேகமான பங்கில் அடித்த அன்று மாலையே திறந்து பாருங்கள். ஏர் ஃபில்டர் உதிரி ஒன்று கையில் இருக்கட்டும். அடைத்த ஃபில்டர் மைலேஜைத் தின்னும்.

டீசல் சுத்தமாகத் தீர்ந்து நின்றுவிட்டால், ஐந்து லிட்டர் ஊற்றிச் சாவியைத் திருப்பினால் மட்டும் ஓடாது, குழாயில் ஏர் பிடித்திருக்கும். சமதரையில் நிறுத்திப் பத்து லிட்டராவது ஊற்றுங்கள். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கைப் பம்பை அமுக்குங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழியோடு டீசல், பிறகு குமிழி இல்லாத டீசல். அப்போது திருகை இறுக்கி, பம்ப் கல்லாக விறைக்கும் வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல் ஒரு நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். இல்லையென்றால் பேட்டரியும் போய்விடும். காமன் ரயில் என்ற உயர் அழுத்த டீசல் முறை உள்ள வண்டியில் இன்ஜெக்டர் குழாய்களைப் பழைய வண்டி மாதிரி தளர்த்தவே கூடாது. உள்ளே ஆயிரம் பார் தாண்டிய அழுத்தம், தோலைக் கிழித்து உள்ளே போகும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் ஊற்றிய பிறகு சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து, பம்ப் ஓடும் சத்தம் நிற்கும் வரை பொறுத்து, அப்புறம் ஸ்டார்ட் செய்தால் போதும்.

எதுவும் இல்லாமல் நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். தேடி வருகிறவர்களுக்கு வண்டி தெரியும், ஆள் தெரியாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் ஒரு நாளுக்கானது எப்போதும் தொடாமல் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033, மற்ற இடங்களில் 112. சிக்னல் இல்லாத சாலையில், காலையில் கிளம்பும்போதே விடுதியில் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பங்க் தேடி இரவில் ஓட்டுவதும் வேண்டாம். ஒட்டகம் உயரமான மிருகம், கால்தான் விளக்கில் தெரியும், உடல் கண்ணாடிக்கு நேரே வரும்.

சிஎன்ஜி கார்களைப் பெட்ரோல் கார் என்று எண்ணியே திட்டம் போடுங்கள். அவற்றின் பெட்ரோல் டேங்க் அளவை முதலில் பாருங்கள். மின்சாரக் காருக்கும் அதற்கடுத்த சார்ஜர் என்ற அதே விதிதான், தூரம்தான் குறைவு. எல்லைக்கு மிக அருகே போகும் சாலைகளுக்கு அனுமதி தேவைப்படும். 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது ஜெய்சல்மேர், பார்மேர் பக்கம் இரவில் விளக்கணைக்கச் சொல்லி உத்தரவு இருந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட சமயத்தில் போகாமல் இருப்பதே நல்லது.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. இனி இணைப்பில் இப்படிப்பட்ட சாலைகளைப் பற்றி எழுதும்போது, ஓட்டல் விவரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு, கடைசி நம்பகமான பங்க் எது, அங்கிருந்து சுற்றி அதே இடத்துக்குத் திரும்ப எத்தனை கி.மீ., அந்த விவரம் எந்த மாதத்தில் சரிபார்த்தது என்ற மூன்றையும் அச்சிடுங்கள். டிசம்பர் லீவுக்கு முன்னால் தனோட் சுற்றுக்கான திருத்தத்தை மட்டுமாவது தனியாக வெளியிடுங்கள். பாலக்காடு பக்கத்திலிருந்து கிளம்பும் பைக்குகள் பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பே புறப்பட்டுவிடும்.

இப்படிக்கு,
எல்லையோர லாரி ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள் சிலர்
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்